ஹாரன் அமுக்கினால் நிற்கும் வண்டி

ராஜபாளையம்
5.8.1993

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சேக் முகைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அசீனாவும் சுகம். உன் முட்டுவலிக்கு அவள் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா, அலமாரியில் அடுக்கிவிட்டாயா?

அரைமணி பஸ் தூரத்துக்குக் கடிதம் எதற்கு என்று அசீனா சிரிக்கிறாள். நேரில் வந்தால் நான் மழுப்புவேன், எழுதினால்தான் யோசித்துப் பதில் சொல்வேன் என்று நீ போட்ட சட்டம் என்றேன்.

நம் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ஐயாதுரை முதலாளியின் ஆறு பஸ்ஸிலும் மாட்டியாயிற்று. உன் காலேஜ் லேபில் மேஜைமேல் நாம் ஓட்டிப் பார்த்த அதே சர்க்யூட்தான். சக்கரம் சுற்றுவதை ஒரு கம்பி வழியாக 8031 சிப் எண்ணும். வேகம் அறுபதைத் தாண்டினால் சோலனாய்டு வால்வு டீசலை அடைக்கும். இறங்கியதும் திறக்கும். உன்னிடம் இருக்கும் முதல் போர்டைப் பத்திரமாக வை. விற்காத பொருளில் அது ஒன்றுதான் மிச்சம்.

டிரைவர்களுக்குப் பெட்டியைக் கண்டாலே ஆகவில்லை. "வீட்ல ஒருத்தி பத்தாதுன்னு வண்டிக்குள்ளயும் ஒருத்தியக் கட்டி வச்சிட்டீகளே பாய்" என்றார் பொன்னுராஜ் என்கிற டிரைவர். இப்போது அவர், வண்டி சில நேரம் இருமுகிறது என்று ஒரு புகார் கிளப்பியிருக்கிறார். கழற்ற வைப்பதற்கு ஏதாவது சொல்லத்தானே செய்வார்கள். முதலாளி எல்லா வண்டிக்கும் புது இரட்டை ஹாரன் மாட்டியிருக்கிறார். உன் வகுப்பு வரை கேட்கும், காதைப் பொத்திக்கொள்.

துஆவுடன்,
சேக் முகைதீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.8.1993

அன்புள்ள தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். முட்டு பரவாயில்லை. தைலம் அலமாரியில்தான் இருக்கிறது.

வண்டி எப்போது இருமுகிறது? அந்த நேரத்தில் வேறு என்ன ஓடுகிறது? வைப்பரா, விளக்கா, ஹாரனா? மேஜைமேல் சிப்பும் பாட்டரியும் மட்டும்தான் இருந்தன. பஸ் அப்படிப்பட்ட இடமில்லை. கம்பிச்சுருள் உள்ள எந்தச் சாமானுக்கும் மின்சாரம் அறுபடும்போது, இருபத்துநாலு வோல்ட் கம்பியில் ஒரு கணம் நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும். அதைச் சக்கரத்தின் சுற்று என்று சிப் எண்ணிவிடலாம். டிரைவர் பொய் சொல்கிறார் என்பதை நம்ப நானும் தயார். அதற்கு முன் ஆசிலாஸ்கோப்பைப் பஸ்ஸுக்குள் ஏற்றி, கம்பியில் பாயும் துடிப்பை அளந்து பார். என்னுடையதை எடுத்துப் போ.

தளவாய்புரத்திலிருந்து வெள்ளத்தாய் என்று ஒரு மாணவி, இரண்டாம் ஆண்டு இயற்பியல். ராஜபாளையத்தில் உன் பெட்டி உள்ள பஸ்ஸுக்காகவே காத்திருந்து ஏறுகிறாள். வேகம் போகாத வண்டி, அதில்தான் போக வேண்டும் என்று அவள் அண்ணனின் கட்டளையாம். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

அசீனாவுக்கு என் ஸலாம்.
மெகராஜ் பேகம்


ராஜபாளையம்
2.9.1993

அக்காவுக்கு ஸலாம். சுகம், சுகமறிய ஆவல். வேலை தலைக்கு மேல். எல்லாப் பெட்டியிலும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று சேர்த்துவிட்டேன். இருமல் குறைந்துவிட்டது. வெள்ளத்தாய்க்கு என் வாழ்த்தைச் சொல். ஆசிலாஸ்கோப்புக்கு இப்போது அவசரமில்லை.

சேக்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.9.1993

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்று கை வரவில்லை. நீயும் அசீனாவும் ஒரு வாரத்துக்கு வெளியே நடமாட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். நான் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். மம்சாபுரம் விலக்குக்கு முன்னால் பொன்னுராஜின் பஸ் ஒரு கரும்பு லாரியை முந்தப் போயிருக்கிறது. முந்தவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை, லாரிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு வந்தது என்று வயலில் நின்றவர்கள் சொல்கிறார்கள். ஹாரன் மட்டும் ஓயவில்லையாம். எதிரே சிமெண்ட் லாரி. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து கடைசி வரை பஸ்ஸின் வலது பக்கம் தகர டப்பாவைப்போல் கிழிந்துவிட்டது. நான்கு பேர்.

அடையாளம் சொல்ல என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளத்தாய்க்கு முகம் இல்லை. கம்மலை வைத்துச் சொன்னேன். லேபில் அந்தத் தொங்கும் கம்மலைக் கழற்றச் சொல்லி எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

கூட்டம் பொன்னுராஜைச் சீட்டிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தது. "இந்தக் கைதானல திருப்புச்சு" என்று வலது கையை மைல்கல்லின்மேல் வைத்து ஜாக்கி லீவரால் அடித்தார்கள். ஐந்து விரலும் நொறுங்கிப் போயிற்று. அதன்பின் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். டயர்கள் வெடித்த சத்தம் என் வகுப்புவரை கேட்டது. நான் பாடத்தை நிறுத்தவில்லை. என்னவென்று அப்போது தெரியாது.

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.
மெகராஜ்


ராஜபாளையம்
10.10.1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அசீனா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. இப்போது பரவாயில்லை.

கண்மூடித்தனமாக ஓட்டியதாகப் பொன்னுராஜ் மேல் கேஸ். குடித்திருந்தான் என்கிறார் முதலாளி. பெட்டி எரிந்துவிட்டது. அதில் பார்க்க ஒன்றும் இல்லை. போலீசார் ஒர்க்ஷாப்புக்கு வந்தார்கள், பெட்டி எரிந்துவிட்டது என்றேன், டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆலங்குளத்தில் கல்லுடைக்கிற சங்கிலிப்பாண்டிதான் வெள்ளத்தாயின் அண்ணன். தங்கச்சிக்குக் கருமாதி செய்யாமல் நிறுத்தி வைத்திருக்கிறானாம். கொன்றவனை வெட்டிவிட்டு வந்துதான் எள்ளும் தண்ணியும் இறைப்பேன் என்று சுடுகாட்டிலேயே சொல்லிவிட்டான். ஊரே அவன் பக்கம். பொன்னுராஜ் ஆஸ்பத்திரியிலேயே இருப்பது அவருக்கு நல்லது. நாம் என்ன செய்ய முடியும்? பெட்டி எரிந்துவிட்டது.

முட்டுவலி எப்படி இருக்கிறது?

சேக்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.10.1993

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒரே கடிதத்தில் மூன்று முறை பெட்டி எரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய்.

பொன்னுராஜைப் போய்ப் பார்த்தேன். அடிபட்டவர்கள் பொருளின்மேல் பழியைப் போடுவார்கள் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவர் மனைவி சீனியம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"நீங்களும் திட்ட வந்தீகளா டீச்சர்? வரிசையில வாங்க. காலம்பற அஞ்சு பேர் வந்துட்டுப் போயிட்டாக."

கேட்கத்தான் வந்தேன் என்றேன். பொன்னுராஜ் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் குடிக்க மாட்டேன் டீச்சர். இவட்ட கேளுங்க."

"குடிச்சிருந்தாத்தான் பரவாயில்லையே, வலி தெரிஞ்சிருக்காது" என்றாள் அவள்.

"அந்த வண்டி ஹாரன் அடிச்சா இருமும். விட்டா வந்துரும். செத்த நேரந்தானேன்னு பழகிப் போச்சு. அன்னைக்கு லாரிக்காரன் ஒதுங்க மாட்டேங்கான், எதுத்தாப்ல ஒருத்தன் வாரான். ஹாரன விடாம அமுக்குனேன். ஆக்சிலேட்டர மிதிக்கேன், காத்த மிதிச்ச மாதிரி இருக்கு. உயிருக்குப் பயந்து இன்னும் அமுக்குதேன்."

"ஹாரனை விட்டிருந்தால்?"

"விட்டா அவன் இடிச்சிருவானேன்னுதான டீச்சர் அமுக்குனேன்."

இப்படி ஒரு கதையை, சிப் என்றால் என்னவென்று தெரியாத ஒருவர் கற்பனை செய்ய முடியாது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் சங்கிலிப்பாண்டி உட்கார்ந்திருக்கிறான். தினமும் வருகிறானாம். மடியில் கோணிச்சாக்கு, அதற்குள் நீளமாக ஒன்று. ஒளிக்கவும் இல்லை. பொன்னுராஜை இன்னும் ஒரு மாதத்தில் அனுப்பிவிடுவார்கள்.

ஒரே கேள்வி. இரட்டை ஹாரனுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுத்தார்கள்? நீளமாக எழுத வேண்டாம். ஒரு போஸ்ட் கார்டில் ஒரு வரி போதும்.

மெகராஜ்


ராஜபாளையம்
3.11.1993

மதினி அவர்களுக்கு அசீனா ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் உடம்புக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே என் வீட்டுக்காரர் பஸ் ஷெட்டுக்குப் போனார். மிச்சம் இருந்த ஐந்து பஸ்ஸில் நாலில் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தார். முற்றத்தில் போட்டுச் சம்மட்டியால் அடித்தார். சில்லு தெறித்து நெற்றி கிழிந்தது, ரத்தத்தைத் துடைக்காமல் அடித்தார். ஷெட்டில் நிற்கும் வண்டியில் மட்டும் பெட்டியைத் தொடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மதினி, அந்த டிரைவருக்கு எதிரே அருவாள் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினீர்கள். நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் அது எழுந்து எங்கே வரும் என்று யோசித்தீர்களா? எனக்கு இருப்பது ஒரு ஆள். இனிமேல் இப்படி எழுதாதீர்கள். தைலம் தீர்ந்தால் சொல்லி அனுப்புங்கள்.

அசீனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.11.1993

அன்புள்ள தம்பிக்கு,

ஸலாம். அசீனாவின் கடிதம் கிடைத்தது. அவள் கேட்டதை யோசித்தேன்.

நீ சொல்லாததால் நானே பார்த்தேன். கடைத்தெருவில் அதே இரட்டை ஹாரன் வாங்கி, உன் முதல் போர்டோடு ஒரே டெர்மினலில் மாட்டினேன். ஹாரனுக்குள் ஒரு தகடு, ஒரு காந்தம், ஒரு காண்டாக்ட். சத்தம் வரும் நேரம் முழுவதும் அந்தக் காண்டாக்ட் நொடிக்கு நானூறு தடவைபோல் அறுந்து சேர்கிறது. ஒவ்வொரு அறுதலுக்கும் கம்பியில் ஈட்டிபோல் ஒரு துடிப்பு. உன் சிப் அதைச் சக்கரம் என்று எண்ணுகிறது. மேஜைமேல் சக்கரமே இல்லை, வேகம் நூற்றுப்பதினெட்டு என்று காட்டியது. ஹாரனின் சுருதியைத்தான் அது வேகம் என்று படித்திருக்கிறது. நீ சேர்த்த கெப்பாசிட்டரால் சின்ன இருமல் அடங்கும். நீளமாக அமுக்கினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஓடும் பஸ் கண்மூடித் திறப்பதற்குள் ஐம்பதிலிருந்து நூற்றுப்பதினெட்டுக்குத் தாவாது. அது உன் சிப்புக்குத் தெரியாது. நீ அதற்குச் சொல்லவில்லை.

ஆனால் இது என் மேஜை. பஸ்ஸில் எப்படி இருந்தது என்று உனக்குத்தான் தெரியும். சங்கிலிப்பாண்டி நேற்று கல்லூரி வாசலில் என்னை நிறுத்தினான். "ஏன் டீச்சர், அந்த டிரைவர் சொல்லுதது பொய்தான?" என்று கேட்டான். அவன் தங்கைக்குப் பாடம் சொன்னவள் என்று என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டான். எனக்கு இன்னும் தெரியாது என்றேன். "தெரிஞ்சா சொல்லுங்க. இல்லன்னா அவன் வெளிய வரட்டும், நான் கேட்டுக்கிடுதேன்" என்றான். பொன்னுராஜை இம்மாதக் கடைசியில் அனுப்புகிறார்கள்.

ஒரு கார்டு போதும் என்று சொல்லியிருந்தேன்.

மெகராஜ்


ராஜபாளையம்
22.11.1993

அக்காவுக்கு ஸலாம். நீ கேட்ட கார்டு. ஹாரனுக்குக் கரண்டு என் பெட்டியின் டெர்மினலில் இருந்துதான் எடுத்திருந்தார்கள். எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். டிரைவர் சொன்னது உண்மை. எல்லாரும் நலம்.

சேக் முகைதீன், எலக்ட்ரானிக்ஸ் ஒர்க்ஷாப், ராஜபாளையம்


ராஜபாளையம்
12.12.1993

மதினி அவர்களுக்கு,

அசீனா எழுதுவது. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் உங்களோடு பேசவில்லை. மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசியிருந்தால் அதைவிடக் குறைவாக இருந்திருக்கும். உங்கள் தம்பிக்கு இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. நடந்ததை உங்களுக்கு எழுதச் சொல்கிறார்.

அந்த ஆள் கோணிச்சாக்கோடு ஷெட்டுக்குள் வந்தபோது நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். இவர் எழுந்து, "வாங்க" என்றார். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி.

"கார்டுல எழுதுனது நீங்கதானா?"

"ஆமா."

"ஹாரன அமுக்குனா வண்டி நிக்குமா?"

"நிக்கும். நீங்களே ஏறி அமுக்கிப் பாருங்க."

ஷெட்டில் நின்ற வண்டியின் பின்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி வைத்திருந்தார். அந்த ஒரு பெட்டியை ஏன் விட்டுவைத்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டு ஆக்சிலேட்டரில் ஒரு செங்கலை வைத்தார். அந்த ஆள் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அமுக்கினார். என்ஜின் செத்துக்கொண்டே வந்தது. விட்டதும் உறுமியது. மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை கையை எடுக்கவே இல்லை. சக்கரம் சுற்றிச் சுற்றி நிற்கிறவரை, ஷெட் தகரமெல்லாம் அதிர, அமுக்கிக்கொண்டே இருந்தார்.

பிறகு இறங்கி வந்து கேட்டார். "எதுக்க வந்த லாரிய எந்தங்கச்சி எம்புட்டு நேரம் பாத்திருப்பா?"

செத்த நேரந்தான் என்று சொல்லியிருக்கலாம், மதினி. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இவர், "ரொம்ப நேரம்" என்றார்.

முதல் வெட்டு வலது தோளில். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவது முழங்கைக்குக் கீழே. இவர் கத்தவே இல்லை, நான்தான் கத்தினேன். மூன்றாவதுக்கு ஓங்கிய அருவாளை அந்த ஆள் அப்படியே நிறுத்தினார். "நாந்தான்யா அந்தப் பஸ்ல போகச் சொன்னேன். பெட்டி இருக்கு, பத்திரமா போலாம்னு நாந்தான் சொன்னேன்" என்று இவரிடம் சொன்னார். அண்ணன் தம்பியிடம் சொல்கிற மாதிரி இருந்தது. சாக்கை என் பக்கம் எறிந்து, "ரத்தத்தக் கட்டும்மா" என்றுவிட்டு, அருவாளைக் கையில் பிடித்தபடியே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். மூன்றாம் நாள் தளவாய்புரத்தில் அவர் வீட்டு ஆட்கள் கருமாதி நடத்தியதாகச் சொன்னார்கள்.

இனி வருவது அவர் சொல்லாதது. நான் எழுதுவது. காலேஜுக்கு வரும் தபாலெல்லாம் அங்கே ஆபீஸ் மேஜையில் எல்லார் கண்ணிலும் படக் கிடக்கும். தளவாய்புரத்துப் பிள்ளைகள்தான் அதை எடுத்து ஆள்வாரியாகப் பிரித்து வைக்கிறார்கள் என்று நீங்களே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். கார்டில் எழுது, கார்டில் எழுது என்று இரண்டு தடவை கேட்டீர்கள். அது தெரிந்துதான் அவர் கார்டில் எழுதினார். நீங்கள் தெரிந்துதான் கேட்டீர்களா?

அசீனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.1.1994

அன்புள்ள தம்பிக்கும் அசீனாவுக்கும்,

ஸலாம். காயம் ஆறி வருவது அறிந்தேன். கையைத் தினமும் அசைக்கப் பார்க்க வேண்டும், வலித்தாலும்.

பொன்னுராஜை அனுப்பிவிட்டார்கள். அன்று டீக்கடை பெஞ்சில் யாரும் இல்லை. அவரும் சீனியம்மாளும் அந்த வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்கள். நான் பின்னால் போனேன்.

புது சர்க்யூட் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். பெட்டிக்கும் ஹாரனுக்கும் பாட்டரியிலிருந்தே தனித்தனிக் கம்பி. பெட்டி வாசலில் துடிப்பைத் தடுக்க ஒரு சோக், அதற்குப் பின்னால் மிஞ்சிய வோல்ட்டை வெட்ட ஒரு ஜீனர் டயோடு. சக்கரத்தின் கம்பிக்கு வலைப்பின்னல் உறை, அதற்கு ஒரு முனையில் மட்டும் எர்த். ஹாரன் கம்பியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. நம்ப முடியாத வேகம் வந்தால் சிப் அதைத் தள்ளிவிட வேண்டும். கடைசியாக, சந்தேகம் வந்தால் டீசலை நிறுத்தக் கூடாது. சந்தேகத்தில் நிற்பதைவிட ஓடுவது மேல்.

பொன்னுராஜின் கேஸில் உன் வாக்குமூலத்தை இங்கே கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். என் மேஜையில் பார்த்ததை நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி எனக்கு வரும் தபாலைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம். வீட்டு முகவரிக்கு, உறையில் வைத்து ஒட்டி அனுப்பவும்.

மெகராஜ்


ராஜபாளையம்
19.3.1994

அக்காவுக்கு ஸலாம்.

இடது கை எழுத்து. பொறுத்துக்கொள். வலது கை தோளுக்கு மேல் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றபடி நலம். அசீனா உனக்குத் தைலம் வைத்திருக்கிறாள். நீ வந்து வாங்கிக்கொண்டால்தான் தருவாளாம்.

நீ வரைந்தபடி ஒரு பெட்டி செய்தேன். ஷெட் வண்டியில் மாட்டினேன். அன்று பொன்னுராஜ் வந்தார். நான் கூப்பிடவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. அசீனாவிடம் சொன்னார். "எந்த வண்டியில மாட்டுறதா இருந்தாலும் மொதல்ல நான் அமுக்கிப் பாக்கணும்மா. பொறவு மாட்டச் சொல்லுங்க."

அவர் விரல்கள் மடங்காது. சீட்டில் ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தை ஹாரனில் ஊன்றினார். பின்சக்கரம் ஜாக்கியில் சுற்றிக்கொண்டிருந்தது. முகம் வேர்த்து ஊற்றியது. கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஷெட் சுவர்தான் இருந்தது. தெருவில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்து திட்டினார்கள். அசீனா போய், போதும் அண்ணே என்று சொல்லிப் பார்த்தாள்.

என்ஜின் நிற்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.

சேக் முகைதீன்